தொழில் கற்பிக்கும் செலவு யார் கணக்கில்?

(திருப்பூரில் ஒரு கல்லூரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகள் விடப்பட்டுள்ளன.)



இந்த ஊரில் இந்தத் தலைப்பில் பேச வருகிறவன் கொஞ்சம் கூச்சத்தோடுதான் மேடை ஏற வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மெஷினைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பொருளியல் வாத்தியார். ஓவர்லாக் மெஷினில் உட்கார வைத்தால் ஒரு பீஸ்கூட உருப்படியாக வராது. ஆகவே தைப்பது எப்படி என்று சொல்ல வரவில்லை. தைக்கக் கற்றுக்கொடுக்க ஆகிற செலவை இதுவரை யார் சுமந்தார்கள், இப்போது யார் சுமக்கிறார்கள், இனி யார் சுமக்க வேண்டும் என்ற ஒரே ஒரு கணக்கை உங்கள் முன் போட்டுப் பார்க்க வந்திருக்கிறேன்.

அவிநாசி ரோட்டிலோ மங்கலம் ரோட்டிலோ எந்தச் சந்தில் நுழைந்தாலும் கேட்டில் ஒரு போர்டு தொங்கும். ‘ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டைலர்கள் தேவை. செக்கிங் லேடீஸ் தேவை.’ 1980களின் நடுவில் இந்த ஊரின் ஏற்றுமதி ஆண்டுக்கு இருபது கோடி ரூபாயைத் தாண்டவில்லை. 2024-25இல் அது ஏறக்குறைய 40,000 கோடி. ஆறு லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று தொழில் அமைப்புகள் சொல்கின்றன. ஊர் இத்தனை மடங்கு வளர்ந்தும் அந்தப் போர்டு மட்டும் இறங்கவில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பசங்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்பார் ஒருவர். நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது என்பார் இன்னொருவர். வடக்கே இருந்து வருகிறவர்கள் ஹோலிக்குப் போனால் திரும்புவதில்லை என்பார் மூன்றாமவர். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் ஆள் வராததற்கான காரணங்கள். வந்த ஆள் தேர்ந்த ஆளாக மாறாததற்குக் காரணம் வேறு. இந்த ஊர் நெடுங்காலம் தொழில்திறனை விலை கொடுக்காமல் வாங்கிக்கொண்டிருந்தது. விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

1. கைமடி

பழைய பனியன் கம்பெனியில் தொழில் கற்கும் வழி எல்லோருக்கும் தெரியும். முதலில் கைமடி. டைலருக்குப் பக்கத்தில் நின்று வெட்டிய துண்டுகளை அடுக்கிக் கொடுப்பது, தைத்து விழுவதை எடுத்து மடிப்பது, பிசிறு வெட்டுவது. டைலர் டீ குடிக்க எழுந்து போகும் பத்து நிமிடத்தில் மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் ஓட்டிப் பார்ப்பது. ஒரு நாள் டைலர் வராமல் போனால் அந்த இடத்தில் உட்காருவது. அப்படியே டைலர், பிறகு கட்டிங், பிறகு கான்ட்ராக்ட், பிறகு நாலு மெஷின் போட்டுச் சொந்தக் கம்பெனி. ஷாரத் சாரி இந்த ஊரைப் பற்றி எழுதிய ‘ஃபிரேட்டர்னல் கேப்பிட்டல்’ என்ற நூல் 2004இல் வந்தது. உழவிலிருந்து கூலிக்கு வந்து, கூலியிலிருந்து முதலாளியான கவுண்டர்களின் கதைதான் அதன் நடுத்தண்டு. தங்கள் மூலதனம் உழைப்புதான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதை அவர் விரிவாக ஆராய்கிறார்.

இந்த ஏணியை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். ஏங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். கைமடியாக நின்றவர்களில் கணிசமானவர்கள் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பிள்ளைகள். அந்த ஏணியில் எல்லோரும் ஏறவும் இல்லை. பெண்கள் கைமடியிலும் செக்கிங்கிலும் நின்றுபோனார்கள். தலித் தொழிலாளர்களுக்கு, கவுண்டர் இளைஞனுக்குக் கிடைத்த நிலமோ உறவோ கடன் வசதியோ இல்லாததால் மேல்படிகள் பெரும்பாலும் எட்டவில்லை.

ஆனாலும் அது ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு கட்டணம் இருந்தது. வருடக்கணக்காகக் குறைந்த கூலிக்கு நின்ற அந்தப் பையனும் அவன் வீடும்தான் அந்தக் கட்டணத்தைக் கட்டினார்கள். வெளிநாட்டு வாங்குநர்களின் கெடுபிடியாலும் சட்டத்தாலும் ஊரில் எழுந்த எதிர்ப்பாலும் குழந்தைத் தொழில் குறைந்தது. குறைந்தது நல்லது. அதோடு இந்த ஊரின் பெரிய பயிற்சிப் பள்ளியும் மூடப்பட்டது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வாத்தியார் போனதைப் பிறகுதான் கவனித்தோம்.

2. வாத்தியாருக்கு நேரமில்லை

1984இல் பஞ்சப்படிக்காக இங்கே 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பிறகு பெரிய கம்பெனிகள் சிறு சிறு யூனிட்டுகளாகப் பிரிந்தன. வேலை கான்ட்ராக்டருக்கும் ஜாப் ஒர்க்குக்கும் போனது. பீஸ்ரேட் பரவியது. பீஸ்ரேட்டில் தைக்கிற டைலர் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால், அந்த அரை மணி நேரக் கூலி அவர் பையிலிருந்து போகிறது. இதை அவருடைய சுயநலம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவருடைய கூலிக் கணக்கில் கற்பித்தலுக்குக் கட்டமே இல்லை.

இதோடு லைன் முறையும் வந்தது. முன்பு ஒரு பவர் டேபிள் டைலர் ஒரு பனியனின் பெரும்பகுதியைத் தைத்தார். இப்போது தோள் மூட்ட ஒருவர், கழுத்து வைக்க ஒருவர், கை ஏற்ற ஒருவர், சைடு அடிக்க ஒருவர், பாட்டம் மடிக்க ஒருவர். ஒரே வேலையை நாளெல்லாம் செய்கிறவர் அதில் வேகமாவார். அடுத்த மெஷினில் நடப்பது அவருக்குத் தெரியாமலே போகும்.

3. முதலாளி ஏன் கற்றுக்கொடுப்பதில்லை

‘கத்துக் குடுத்தா அடுத்த கம்பெனிக்கு ஓடிர்றாங்க சார்.’ இதைச் சொல்லாத முதலாளி ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. பீஸுக்கு ஐம்பது பைசா கூடக் கிடைத்தால் ஆள் போய்விடுகிறார் என்பது புலம்பல் அல்ல, நடப்பு. பொருளியலில் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர் கேரி பெக்கர், 1964இல் ‘ஹியூமன் கேப்பிட்டல்’ என்ற நூலில். எந்தக் கம்பெனியிலும் பயன்படக்கூடிய திறனைக் கற்றுக்கொடுக்க எந்த முதலாளியும் பணம் போட மாட்டார், ஏனென்றால் பலன் அவரிடம் தங்காது என்கிறார். அப்படியானால் யார் செலவு செய்வார்கள்? கற்றுக்கொள்கிறவரே, கற்கும் காலத்தில் குறைந்த கூலியை ஏற்றுக்கொண்டு செய்வார் என்பது அவர் பதில். கைமடி செய்தது இதையேதான். பெக்கரைப் படிக்காமலே இந்த ஊர் அதை நடத்திக் காட்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு ஓட வேண்டுமானால் கற்கிறவரிடம் காத்திருக்கும் சக்தி இருக்க வேண்டும். ஒடிசாவின் களாஹாண்டியிலிருந்தோ பீகாரின் கயாவிலிருந்தோ ரயிலேறி வந்து, அறைக்கு எட்டுப் பேராகத் தங்கி, மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் கற்றுக்கொள்வதற்காக ஆறு மாதம் பாதிக் கூலிக்கு நிற்க முடியாது. கைத்தொழிலை ஈடாக வைத்துக்கொண்டு எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை. ஆகவே அவர் முதல் நாளே முழுக் கூலி கிடைக்கிற ஹெல்பர் வேலையைத் தேடுகிறார். ஹெல்பராகவே நான்கு வருடம் ஓடிவிடுகிறது.

ஒவ்வொரு முதலாளியும் தன் அளவில் சரியாகத்தான் யோசிக்கிறார். எல்லோரும் சரியாக யோசித்ததன் விளைவு ஊருக்குக் கேடாக முடிகிறது. ஆழ்துளைக் கிணற்றை அண்டை வீட்டாரைவிடப் பத்தடி ஆழமாகப் போட்டால் நமக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று ஒவ்வொருவரும் போட்ட தெருவின் கதிதான் இது. அடுத்த கம்பெனி பழக்கிய டைலரை நாம் இழுக்கிறோம், நம்மிடம் பழகியவரை அவர் இழுக்கிறார். நிலத்தடிக்கு நீர் விடுகிறவர் எவரும் இல்லை.

4. தலைக்கு இவ்வளவு

இந்த இடத்துக்கு அரசு வந்தது உண்மை. 2010இல் ஜவுளித் துறைக்கென ஒருங்கிணைந்த திறன் மேம்பாட்டுத் திட்டம், 2014இல் ஊரக இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய திட்டம், ஜவுளித் துறைக்கே 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சமர்த் திட்டம், மாநிலத்தில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன். ஒடிசா, ஜார்க்கண்ட் கிராமங்களில் பயிற்சி பெற்ற இளம்பெண்கள் குழுவாகக் கொங்குப் பகுதி ஆலைகளின் விடுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டை விட்டு முதல்முறையாகச் சம்பாதிக்க வந்த அந்தப் பெண்களுக்கு இவற்றால் ஒரு கதவு திறந்தது. இத்திட்டங்களைக் கேலி செய்யும் கூட்டத்தில் நான் சேர மாட்டேன்.

ஆனால் பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பயிற்சி நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு. சேர்ந்தவர், முடித்தவர், சான்றிதழ் வாங்கியவர், வேலையில் அமர்ந்தவர் என்று தவணை. கம்பெனியில் உட்கார்ந்து தைத்துப் பழகிய இரண்டாவது வருடத்தில் அவர் என்ன ஆனார் என்பதை அறிவதில் நிறுவனத்துக்கு அக்கறை இருக்க வேண்டிய அவசியமில்லை. எதை எண்ணிப் பணம் தருகிறோமோ அதுதான் விளையும். தலைகளை எண்ணினால் தலைகள்தான் கிடைக்கும்.

பின்னலாடைத் துணி எப்படிப்பட்டது என்பதை மாணவர்களுக்காக ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். டி-ஷர்ட்டின் கழுத்துக்கு ரிப் பட்டி வைப்பது. ரிப்பின் சுற்றளவு கழுத்தின் சுற்றளவைவிடக் குறைவாகத்தான் வெட்டியிருப்பார்கள். ரிப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும், அடியில் இருக்கும் உடல் துணியை இழுக்கக் கூடாது. இரண்டும் ஒரே வேகத்தில் ஊசிக்குக் கீழே போக வேண்டும். முன்கழுத்து வளைவில் ஓர் இழுப்பு, தோள் மூட்டுக்கு அருகில் வேறோர் இழுப்பு. குறைவாக இழுத்தால் கழுத்து தொளதொளக்கும். அதிகம் இழுத்தால் சுற்றிலும் சுருக்கம் விழும். உடல் துணியும் சேர்ந்து இழுபட்டால் கழுத்து அலை அலையாக விரிந்து நிற்கும். 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம்) சிங்கிள் ஜெர்சியில் பழகிய கைக்கு 180 ஜிஎஸ்எம் வந்தால் அளவு மாறும். லைக்ரா கலந்தால் மறுபடி மாறும். எந்த அட்டவணையிலும் இல்லாத இந்த அளவு விரல் நுனியில் ஏற வேண்டும். ஏறுவதற்கு ஆயிரக்கணக்கான பீஸ் ஆகும். பயிற்சி மையத்தில் ஒரே வகைத் துணியில் நேர்த் தையல் பழகி வந்த பெண்ணுக்கு உண்மையான படிப்பு கம்பெனிக்குள் வந்த பிறகுதான் ஆரம்பமாகிறது. அந்தப் படிப்புக்கு அரசுத் திட்டத்திலும் பணம் இல்லை, கம்பெனிக் கணக்கிலும் பணம் இல்லை. அவள் முதல் மாதம் கெடுக்கிற பீஸ்களுக்கு ஏச்சு மட்டும் உண்டு.

நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. மூன்று வருடம் விடுதியில் அடைத்து வைத்துக் கடைசியில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்யும் பெண்களுக்குப் பயிற்சியாளர் என்று பெயர் வைத்தார்கள். பயிற்சி என்ற சொல்லையே இந்த வட்டாரத்துப் பெற்றோர் சந்தேகத்தோடு பார்ப்பதில் ஆச்சரியமில்லை. புதிய ஏற்பாடு எதுவாக இருந்தாலும் இந்த அவநம்பிக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

5. நடுவில் யாருமில்லை

திறன் பற்றாக்குறை என்றவுடன் நம் மனதில் வருகிறவர் டைலர். என் கணிப்பில் ஊருக்கு அதைவிடப் பெரிய ஓட்டை டைலருக்கும் மேனேஜருக்கும் நடுவில் இருக்கிறது. லைன் சூப்பர்வைசர், மெக்கானிக், சாயப்பட்டறை லேப் ஆள், சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர். திட்டங்கள் இவர்களை எண்ணுவது அபூர்வம், ஏனென்றால் ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை காட்ட முடியாது.

மெக்கானிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி முனை மழுங்கினால் துணியின் கண்ணியை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துக்கொண்டு போகும். ஓட்டை அன்றைக்குத் தெரியாது. செக்கிங்கில் தப்பும், பேக்கிங்கில் தப்பும், வாங்கினவர் ஒரு சலவை போட்டதும் தையலோரம் வரிசையாகக் கண் திறக்கும். பெட்டியோடு ஆர்டர் திரும்பி வந்தால் திட்டு டைலருக்கு. ஆனால் எந்தத் துணிக்கு எந்த எண் ஊசி, எந்த முனை, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்று வைத்திருக்க வேண்டியவர் மெக்கானிக். நான் பார்த்த பல யூனிட்டுகளில் அவர் ஒருவரே மூன்று கம்பெனிக்குப் பொது. மெஷின் நின்றால் போன் அடிப்பார்கள். மொபெட்டில் வருவார். நின்ற மெஷினை ஓட வைப்பது அவர் வேலை, நிற்காமல் பார்த்துக்கொள்வதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவர் தொழில் கற்றது இன்னொரு மெக்கானிக்கின் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு. அவருக்குப் பிறகு பையைத் தூக்க ஆள் இல்லை.

சூப்பர்வைசர் கதை இன்னும் மோசம். நன்றாகத் தைக்கிறவரைச் சூப்பர்வைசர் ஆக்குகிறோம். ஒரு நல்ல டைலர் போய்விடுகிறார், நல்ல சூப்பர்வைசர் கிடைப்பதில்லை. லைனில் எந்த இடத்தில் பீஸ் குவிகிறது, யாரை எங்கே மாற்றினால் ஓட்டம் சீராகும், புதிதாக வந்தவரை எந்த வேலையில் ஆரம்பிப்பது, இவையெல்லாம் தனியாகக் கற்க வேண்டிய வித்தை. யாரும் கற்றுக்கொடுக்காததால் அவருக்குத் தெரிந்த ஒரே நிர்வாக முறை சத்தம் போடுவது. இப்போது லைனில் பாதிப் பேர் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுகிறவர்கள். சத்தத்தின் அளவு மட்டும் புரிகிறது. மாதாமாதம் வேலையை விட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் கூலிக்காகப் போகிறார்கள், எத்தனை பேர் ஏச்சுக்காகப் போகிறார்கள் என்று எந்த மனிதவள அலுவலகமாவது கேட்டு எழுதி வைத்திருக்கிறதா? இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

உலகச் சந்தை பருத்தியிலிருந்து செயற்கை இழைக்கு நகர்கிறது. விளையாட்டு உடைக்குத் தையல் வேறு, மெஷின் வேறு, சாயமேற்றும் முறையும் வெப்பமும் வேறு. இந்த மாற்றத்தைத் தரையில் இறக்கப் போகிறவர்கள் இந்த நடுத்தட்டுக்காரர்கள்தான். நிஃப்ட்-டீ கல்லூரி 1997இல் ஏற்றுமதியாளர்களின் முயற்சியால் வந்தது. அங்கே படித்தவர்கள் டிசைனுக்கும் மெர்ச்சண்டைசிங்குக்கும் போகிறார்கள். கணினி முன் உட்காருவதற்குப் பள்ளி கட்டிய நாம் மெஷினைத் திறந்து பார்ப்பதற்கு அந்த அளவில் ஒன்றும் கட்டவில்லை. படித்தவன் கையில் கிரீஸ் படக் கூடாது என்ற நம் பழைய வியாதிக்கும் இதில் பங்கு உண்டு.

6. வீட்டில் பிசிறு வெட்டும் ஓவர்லாக் டைலர்

வீணாகும் திறன் ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன், விஷயம் சின்னது என்பதால் அல்ல, எல்லோருக்கும் தெரிந்தது என்பதால். அனுப்பர்பாளையம் பக்கமோ வேலம்பாளையம் பக்கமோ மதியத்தில் போனால் வீட்டுத் திண்ணையில் பீஸ் கட்டுகளை விரித்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவர்களில் சிலர் கல்யாணத்துக்கு முன் ஐந்தாறு வருடம் ஓவர்லாக் ஓட்டியவர்கள். குழந்தை பிறந்தது, பன்னிரண்டு மணி நேர ஒன்றரை ஷிப்ட் ஒத்துவரவில்லை, நின்றுவிட்டார்கள். இந்த ஊர் கஷ்டப்பட்டு உருவாக்கிய திறன், அதைக் கடுகளவும் கேட்காத வேலையில் உட்கார்ந்திருக்கிறது. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. ஆடிட் வரும் நாளில் பொம்மைகள் அடுக்கப்படும் அறைகளை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். எட்டு மணி நேரம் மட்டும் ஓடும் ஒரு பெண்கள் லைனும், உண்மையில் குழந்தைகள் இருக்கும் ஒரு காப்பகமும், புதிய பயிற்சி மையம் ஒன்றைவிட விரைவாகத் தேர்ந்த கைகளைக் கொண்டுவரும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

7. லட்சத்துக்கு நூறு ரூபாய்

இனி என் முன்மொழிவு. கற்பிக்கும் செலவைத் தனி முதலாளி சுமக்க மாட்டார். ஏழைத் தொழிலாளி சுமக்க முடியாது. அரசு சுமந்தால் தலை எண்ணும். மிஞ்சுவது தொழில் மொத்தமும் சேர்ந்து சுமப்பது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி.

இது புதிய யோசனை அல்ல. பிரேசிலில் 1942இல் செனாய் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். தொழிற்சாலைகள் தங்கள் சம்பளப் பட்டியலில் ஒரு சதவீதத்தைக் கட்டுகின்றன. நடத்துவது தொழிலதிபர்களின் கூட்டமைப்பு. ரியோ டி ஜெனிரோவில் ஜவுளிக்கான அதன் மையம் இருக்கிறது. அதிபர் லூலா இளமையில் கடைசல் தொழில் பயின்றது செனாயில்தான். சிங்கப்பூர் 1979இல் இதுபோன்ற பயிற்சி வரியைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1964இல் சட்டம் போட்டுத் தொழிலுக்கொரு பயிற்சி வாரியம் வைத்து வரி வசூலித்தது, பயிற்சி கொடுத்த கம்பெனிக்கு மானியமாகத் திருப்பித் தந்தது. அது நன்றாக ஓடவில்லை. பெரிய கம்பெனிகள் காகிதத்தைச் சரியாக நிரப்பிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன, நாங்கள்தான் ஏமாளிகள் என்று சிறு கம்பெனிகள் குமுறின. 1980களின் தொடக்கத்தில் பெரும்பாலான வாரியங்களைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் கட்டுமானத் தொழிலின் வாரியம் இன்றும் இருக்கிறது, வரியும் இருக்கிறது. ஏன் அது பிழைத்தது? கட்டுமானத்தில் ஆள் ஒரு இடத்தில் நிற்பதில்லை, சைட்டுக்கு சைட் மாறிக்கொண்டே இருப்பார். யாரும் தன் ஆளைத் தனியாகப் பழக்கி வைத்துக்கொள்ள முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருப்பூரின் நிலை அச்சு அசலாக அதுதான்.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்பவர்களுக்குப் பக்கத்து ஊரைக் காட்டுகிறேன். போட்டி போட்டு நூல் விற்ற ஆலைகள் ஒன்றுசேர்ந்து 1956இல் கோயம்புத்தூரில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி மையத்தை நிறுவின. அதைவிடக் கிட்டத்தில், சாயப்பட்டறைகள். நொய்யல் ஆறு சாயக் கழிவால் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனைக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மாற்றியமைத்து, மாநில அரசின் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனையும் வாங்கி, இன்றுவரை செலவைப் பங்கிட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் ஒரே பார்ட்டியிடம் ரேட் அடிபிடி, மாலையில் ஒரே கமிட்டியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கழிவுநீருக்குச் செய்ய முடிந்ததைத் தொழிலாளியின் கைக்கும் செய்யலாம். நீதிமன்றம் பூட்டுப் போட்ட பிறகுதான் செய்ய வேண்டும் என்பதில்லை.

எங்கே வசூலிப்பது? சம்பளப் பட்டியலில் வேண்டாம். இந்த ஊரில் வேலையில் பெரும்பகுதி ஜாப் ஒர்க்கில், பட்டியலுக்கு வெளியே நடக்கிறது. பட்டியலில் வசூலித்தால் ஒழுங்காக ஆள் வைத்திருப்பவருக்குத்தான் தண்டனை. ஏற்றுமதி இன்வாய்சில் வசூலிக்கலாம். லட்சத்துக்கு நூறு ரூபாய். 40,000 கோடிக்கு அது ஆண்டுக்கு 40 கோடி. ஒரு கன்டெய்னர் தாமதமாகி விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் ஆகிற செலவை அனுபவப்பட்டவர்கள் இந்த லட்சத்துக்கு நூறு ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். உள்நாட்டு பனியன், ஜட்டி வியாபாரத்துக்கு வேறு வழி யோசிக்க வேண்டும். அதில் எனக்குத் தெளிவான திட்டம் இல்லை. அந்தத் தரப்பினர்தான் சொல்ல வேண்டும்.

எதற்குச் செலவழிப்பது? முதலில் வாத்தியாருக்கு. கம்பெனிக்குள் ஒரு புதியவரைப் பழக்கும் டைலருக்கு, அவர் இழக்கும் பீஸ்ரேட்டை நிதி ஈடு செய்ய வேண்டும். இரண்டாவது, கற்கும் மூன்று நான்கு மாதத்துக்கு ஹெல்பர் கூலிக்குக் குறையாத உதவித்தொகை. மூன்றாவது, மெக்கானிக்குக்கும் சூப்பர்வைசருக்கும் மாலை நேரப் பள்ளி, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். பயிற்சி நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு ரூபாயும் கிடையாது. கற்றவர் ஒரு வருடம் கழித்து ஏதாவது ஒரு திருப்பூர்க் கம்பெனியில் மெஷினில் இருந்தால் பழக்கியவருக்கு மீதிப் பணம். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை.

கட்டுமானத் தொழிலாளர் நலவரியின் கதை உங்களுக்கு ஞாபகம் வரலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலித்த பணம் மாநிலம் மாநிலமாகச் செலவாகாமல் கிடந்ததை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. அந்த நோய் இங்கே வராமல் இருக்க ஒரு நிபந்தனை போதும்: ஒரு வருடம் வசூலானது அடுத்த வருடத்துக்குள் செலவாகவில்லை என்றால் கட்டியவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நிர்வாகத்தில் சங்கங்களுக்குச் சம இடம் வேண்டும். இதை முதலாளிகள் விரும்ப மாட்டார்கள். ஆனால் நூற்பாலைகளின் சுமங்கலி அனுபவத்துக்குப் பிறகு தொழிலாளர் பிரதிநிதி கையெழுத்து இல்லாத பயிற்சியை இந்த வட்டாரத்தில் யாரும் நம்பப் போவதில்லை.

‘சந்தா கட்டின பிறகும் ஆள் ஓடத்தானே செய்வான்?’ என்று கேட்பீர்கள். ஓடுவார். சந்தா கட்டிய இன்னொருவரிடம் ஓடுவார்; அங்கே பழகியவர் உங்களிடம் வருவார். ஆள் ஊரை விட்டே போவதுதான் உண்மையான இழப்பு: 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் இல்லாமல் ஷிப்ட் குறைந்தது. சீசன் வந்தால் தேடுவதும் மந்தம் வந்தால் விடுவதுமாகவே இதுவரை இருந்திருக்கிறோம். வேலை இல்லாத மாதங்களே கற்றுக்கொடுக்கத் தோதான மாதங்கள். அந்த மாதங்களில் அடுப்பெரிய இந்த நிதி உதவினால் பழகிய ஆள் ஊரை விட்டுப் போக மாட்டார்.

கடைசியாக ஒன்று. திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் கூலி ஒப்பந்தம் என்ற மரபு இருக்கிறது. இந்தியாவில் பல தொழில் நகரங்களுக்கு இல்லாத கொடுப்பினை அது. கட்டிங், டைலர், அயர்னிங், பேக்கிங், செக்கிங், கைமடி என்று அதில் பிரிவு உண்டு. பிரிவுக்குள் படி இல்லை. இரண்டு வருட டைலரும் இருபது வருட டைலரும் ஒரே வரியில் நிற்கிறார்கள். மூன்று மெஷின் தெரிந்தவருக்கு ஒரு படி, புதியவரைப் பழக்கத் தெரிந்தவருக்கு அதற்கு மேல் ஒரு படி என்று அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். அந்தப் பத்தியின் வரைவை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். ஒரு பக்கம்தான், பின்வரிசை மேஜையில் பிரதிகள் இருக்கின்றன. இரண்டாவது உட்பிரிவில் பழக்குநருக்கு எத்தனை சதவீதம் கூடுதல் கூலி என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நிரப்ப வேண்டியவர்கள் இந்த மண்டபத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். தேநீர் வேளையில் ஒரே மேஜைக்கு வந்தால் பேசுவதற்கு வசதியாக இருக்கும்.